நான்காம் பகுதியில் ஒரே ஒரு சொல்

நாயகியாக நடிக்கவிருந்த பெண்ணின் அப்பா எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தார். கதிரையைக் காட்டியும் உட்காராமல், நின்றபடியே ஒரு நிபந்தனை சொன்னார். மகள் நடிக்கலாம். காதல் கதை என்றாலும் பரவாயில்லை. ஆனால் கூட நடிக்கிற பொடியன் அவளைத் தொடக்கூடாது. கையைப் பிடிப்பது, தோளில் தட்டுவது, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிடுவது, எதுவுமே கூடாது. படப்பிடிப்பு நடக்கிற ஒவ்வொரு நாளும் தானும் வந்து இருப்பார்.

எங்கள் இயக்குனரின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ உள்ளுக்குள் ஒரு துள்ளல். அதை வெளியில் காட்டாமல் தேத்தண்ணி போட எழும்பிப் போனேன்.

ஏன் துள்ளினேன் என்று சொல்லவேண்டும். நான் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தொகுக்கிறவள். என் கணவர் கமெராக்காரர். திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு மாடியறையில் இருவருமாக இந்தத் தொழிலைச் செய்துவருகிறோம். தொடுகிற காட்சிகளை என்னைப்போலப் பார்த்தவர்கள் இந்த ஊரில் இருக்கமாட்டார்கள். மாப்பிள்ளை பொம்பிளையின் கையைப் பிடிப்பார், கேக் ஊட்டுவார், கமெராக்காரர் சொன்னபடி கடற்கரையில் தோளில் கை போட்டு நிற்பார். அந்தத் தொடுகைகளில் பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. என் கை விசைப்பலகையில் நின்றுபோவது வேறு இடங்களில். மண்டபம் நிறைந்த சனத்துக்குள் பொம்பிளை யாரையோ தேடுவாள். தேடிய முகம் கண்ணில் பட்டதும் அவளுடைய தோள் ஒரு சாண் இறங்கும். அப்படி இரண்டு விநாடி கிடைத்தால் அன்றைக்கு முழுக்க எனக்குச் சந்தோஷம். தொடாமலே ஒரு காதல் கதை எடுக்கச் சொல்லி ஒருவர் நிபந்தனை போட்டால் நான் துள்ளாமல் என்ன செய்வேன்?

இயக்குனர் என் கணவரோடு ஒன்றாகப் படித்தவர். கொழும்பில் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆட்களை வேலைக்கு எடுக்கிற ஆளணிப் பிரிவில் பல வருடங்கள் வேலைசெய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். இங்கே ஆங்கில வகுப்பு எடுத்துக்கொண்டே ஆறு பகுதிகளில் ஓர் அலுவலகக் காதல் கதையை எழுதியிருந்தார். கப்பல் சரக்குகளைக் கையாளுகிற ஒரு நிறுவனம். அதில் அவனும் அவளும் வேலை. அவன் அவளுக்கு மூத்தவன், வேலை பழக்கியவன். அவள் அவனை ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவாள். முகாமையாளர் பதவி காலியாகிறது. இரண்டு பேரும் விண்ணப்பிக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு விருப்பம், ஆனால் இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை. நான்காம் பகுதியில் பதவி அவளுக்குக் கிடைக்கிறது. அன்றைக்கு அவர்கள் நேருக்கு நேர் சந்திக்கிற காட்சிக்காக அவர் மூன்று பக்கம் வசனம் எழுதியிருந்தார். அந்த மூன்று பக்கத்தில்தான் அவருடைய உயிர் இருந்தது. பத்து வருடம் அலுவலகத்தில் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் அதற்குள் இருக்கிறது என்று என் கணவரிடம் சொல்லியிருக்கிறார்.

நாயகிக்கு இருபத்தாறு வயது. நகரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் வரவேற்பு மேசையில் வேலை. பள்ளிக்கூட நாடகங்களில் நடித்தவள். நாயகன் கட்டைபறிச்சானிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிண்ணியா சுற்றி வருவான். கட்டாருக்குப் போக விசாவுக்குக் காத்திருந்தவன். விசா வருவதற்குள் ஏதாவது செய்வோமென்று எங்களிடம் வந்து சேர்ந்தான். அவனுடைய முகத்தில் ஒரு விசேஷம். ஒன்றையும் காட்டாத முகம். இயக்குனர் அதைக் குறை என்றார். என் கணவர் கமெராவுக்குள்ளால் பார்த்துவிட்டு, “இவன்தான்” என்றார்.

இடம் நகரத்தின் ஓர்ஸ் ஹில் பகுதியில் கிடைத்தது. மூடிக்கிடந்த ஓர் அலுவலகத்தின் மேல்மாடி. நல்ல கண்ணாடித் தடுப்பு வைத்த ஓர் அறை, பழைய மேசைகள், இரும்பு அலுமாரிகள், உள்துறைமுகத்தைப் பார்த்த பெரிய யன்னல்கள். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்து யன்னலுக்குள்ளால் ஏறிவரும். கூரையிலும் சுவரிலும் ஆட்களின் முகத்திலும் வெளிச்சம் அலையலையாக ஓடும். முதல்நாள் அதைக் கண்டதும் என் கணவர் தான் சுமந்துகொண்டு போன விளக்குகளில் பாதியைத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

தொடுகை இல்லாதபடியால் நானும் கணவரும் தூரத்தை வைத்துக் கதை சொல்ல முடிவெடுத்தோம். முதலாம் பகுதியில் இரண்டு பேரும் கமெராச் சட்டத்தின் இரண்டு ஓரங்களில். நடுவில் இரண்டு மேசையும் ஓர் அலுமாரியும். இரண்டாம் பகுதியில் அலுமாரியைத் தள்ளிவிட்டோம். பார்க்கிறவருக்கு ஏன் என்று தெரியாது, ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ நெருங்கியதுபோல இருக்கும். மூன்றாம் பகுதியில் ஒரே மேசை. நான்காம் பகுதியில் மேசையும் இல்லை, கண்ணாடித் தடுப்பு மட்டும். அந்தத் தடுப்பில் கடுதாசிகள் கொடுத்து வாங்க ஒரு சின்னத் திறப்பும், அதன் கீழே உள்ளங்கை இரண்டு அகலத்தில் ஒரு பலகைத் தட்டும் இருந்தன. அதைப் பார்த்தபோதே எனக்குக் கை அரித்தது.

நாயகியின் அப்பா சொன்னபடி, படப்பிடிப்பு நடந்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். கமெராவுக்குப் பின்னால் தனக்கென்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, பிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்தபடி இருப்பார். துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கி ஓய்வுபெற்றவர். எவ்வளவு தூரம் என்று கண்ணாலேயே அளக்கிற மனுசன். பொடியன் கொஞ்சம் கிட்டப் போனால் ஒரு செருமல் செருமுவார், அவ்வளவுதான். அந்தச் செருமலுக்கு நாங்கள் எல்லோரும் பழகிவிட்டோம்.

ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாவற்றையும் எடுத்து முடித்தோம். நாயகனுக்கு விசா வந்துவிட, கடைசிப் படப்பிடிப்பு முடிந்த கிழமையே பறந்துவிட்டான். நான் ஒவ்வொரு பகுதியாகத் தொகுக்க, கிழமைக்கு ஒன்றாக இணையத்தில் ஏற்றினோம். முதல் மூன்று பகுதிகளும் ஊருக்குள் பேசுபொருளாகிவிட்டன. சந்தையில் மீன் வாங்கும்போது ஒரு பெண் என்னை மறித்து, அவளுக்குத்தானே பதவி கிடைக்கும் என்று கேட்டாள். சொல்லமாட்டேன் என்றேன். மீன்காரரும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

நான்காம் பகுதியைத் திறந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, கணினியைப் போட்டு, படங்களை வரிசைப்படுத்தி, ஒலிக்கோப்புகளைத் தேடினேன். அந்தக் காட்சியின் ஒலி மட்டும் இல்லை. ஒலிப்பதிவை இயக்குனர் தானேதான் பார்த்துக்கொண்டார். அவருக்குப் போன் எடுத்தேன். மெதுவாகச் சொன்னார். பிரதியெடுத்தாயிற்று என்று நினைத்து ஒலி பதிவான அந்த நினைவக அட்டையை அழித்து, மகளின் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியைப் பதிவுசெய்யப் பாவித்திருக்கிறார். அவருடைய மூன்று பக்க வசனம் இருந்த இடத்தில் இப்போது ஒரு சின்னப் பிள்ளை சுற்றாடலைப் பாதுகாப்பது பற்றி முழங்கிக்கொண்டிருந்தாள்.

கமெராவில் பதிவான சத்தத்தைப் போட்டுப் பார்த்தோம். அது மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்த காலம். யன்னல் கண்ணாடிகள் அதிர்கிற சத்தமும் மின்விசிறியின் சத்தமும்தான் கேட்டன. அவற்றுக்கு அடியில் எங்கேயோ இரண்டு பேர் கிணற்றுக்குள் நின்று கதைப்பதுபோல இருந்தது. கட்டாருக்குக் கதைத்து நாயகனிடம் வசனத்தைப் போனில் பேசி அனுப்பச் சொன்னோம். பாவம், வேலை முடிந்து வந்து அனுப்பினான். வாய்க்குப் பொருத்தினால் செய்தி வாசிப்பதுபோல இருந்தது. திரும்ப எடுக்கவும் ஏலாது, ஆள் இல்லை.

இயக்குனர் ஸ்டூடியோவுக்கு வந்து, சுவரோடு இருந்த வாங்கில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். யாரையும் ஏசமுடியாது, பிழை அவருடையது. அதனால் அவருடைய துக்கம் இன்னும் பெரிதாக இருந்தது. காட்சியையே நீக்கிவிட்டு, பதவி கிடைத்த செய்தியை வேறு யாரோ சொல்வதுபோல வைப்போம் என்றார். நான் இரண்டு நாள் தரச் சொல்லிக் கேட்டேன்.

இந்த இடத்தில் என் கணவரின் ஒரு கெட்டபழக்கத்தைச் சொல்லவேண்டும். அவர் கமெராவை நிறுத்தமாட்டார். கல்யாண வீட்டில் எந்த விநாடி எது நடக்கும் என்று தெரியாதபடியால் ஓடவிட்டுப் பழகிய கை அது. இயக்குனர் நிறுத்தச் சொன்ன பிறகும், அடுத்ததற்கு ஆயத்தப்படுத்துகிற நேரத்திலும் கமெரா ஓடிக்கொண்டே இருக்கும். கணினியில் இடமில்லாமல் நான் அவரை எத்தனை நாள் ஏசியிருப்பேன். வழக்கமாக அந்த இடைத் துண்டுகளைப் பார்க்காமலே கழித்துவிடுவேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் துண்டில் நாயகி கண்ணாடித் தடுப்புக்கு வெளியே, கையில் பதவிக் கடிதம் இருக்கிற உறையோடு, தொடங்கச் சொல்லும்வரை காத்துக்கொண்டு நிற்கிறாள். தான் படம்பிடிக்கப்படுவது அவளுக்குத் தெரியாது. பெருவிரலால் உறையின் விளிம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவுகிறாள். முடிந்ததும் திரும்பத் தொடக்கத்திலிருந்து தடவுகிறாள். நான் கதிரையை முன்னுக்கு இழுத்தேன்.

அடுத்ததில் நாயகன் உள்ளே இருக்கிறான். நிமிர்கிறான். தண்ணீரின் வெளிச்சம் அவனுடைய கன்னத்தில் ஓடுகிறது. வாயைத் திறக்கிறான், ஏதோ சொல்ல வருகிறான், சொல் வரவில்லை. வாயை மூடிக்கொள்கிறான். உண்மையில் அவன் வசனத்தை மறந்துபோனான். அந்த எடுப்பு பிழையாகிவிட்டது என்று இயக்குனர் ஏசியதும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் உறையைத் தடவுகிற விரலுக்குப் பக்கத்தில் அந்த முகத்தை வைத்துப் பார்த்தேன். ஒன்றையும் காட்டாத அந்த முகத்தில் எல்லாம் தெரிந்தது. தனியாக இருந்த அறையில் நான் எழும்பி நின்றுவிட்டேன்.

மூன்றாவதுதான் பெரியது. ஓர் எடுப்பு முடிந்து இரண்டு பேரும் களைத்துப்போய், கண்ணாடியின் இரண்டு பக்கத்திலும் நிற்கிறார்கள். அவள் கையிலிருந்த அலுவலகக் கோப்பு ஒன்றைப் பலகைத் தட்டில் வைக்கிறாள். அதே நேரம் அவன் தட்டிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுக்கக் கையை நீட்டுகிறான். இரண்டு கைகளும் ஒன்றை ஒன்று நெருங்கி, உள்ளங்கை அகலத் தூரத்தில் சட்டென்று நின்றுபோகின்றன. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. அவள் கண்ணை உயர்த்துகிறாள். அந்தக் கண்ணில் பயம், ஆனால் வெறும் பயமில்லை.

ஏன் நின்றார்கள் என்று கமெராவின் சத்தத்தைக் கூட்டிக் கேட்டேன். காற்றுக்குள்ளே தெளிவாக ஒரு செருமல்.

அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெட்டினேன், ஒட்டினேன், திரும்ப வெட்டினேன். கைகள் நிற்கிற இடத்தை நான்கு விநாடி வைத்துப் பார்த்தேன், போதவில்லை. ஏழு வைத்தேன், நெஞ்சு இறுகியது. ஒன்பது வைத்தபோது சிரிப்பு வந்தது. ஏழுக்குத் திரும்பினேன். காற்றின் சத்தத்தை எடுத்துவிடத்தான் முதலில் நினைத்தேன். பிறகு மற்ற எல்லாச் சத்தத்தையும் எடுத்துவிட்டு அதை மட்டும் விட்டேன். மேசைக்கு மேல் கடுதாசிகள் படபடக்க, கண்ணாடி அதிர, இரண்டு பேர் ஒன்றும் பேசாமல் நிற்கிறார்கள். பின்னேரம் என் கணவர் வந்ததும் போட்டுக் காட்டினேன். பார்த்து முடித்தும் அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “இனி கமெராவை நிப்பாட்டச் சொல்லி நீர் என்னை ஏசக்கூடாது” என்றார்.

ஆனால் எனக்குள் ஒரு முள். இவை நடித்த துண்டுகள் இல்லை. அவர்களுக்குத் தெரியாமல் பிடிபட்டவை. இது சின்ன ஊர். நாயகி நாளைக்கும் அதே வரவேற்பு மேசையில் இருக்கவேண்டியவள். அவளைக் கூப்பிடாமல் இதை வெளியில் விட எனக்கு மனமில்லை.

அடுத்தநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகச் சேலையோடு வந்தாள். போட்டுக் காட்டினேன். உறையைத் தடவுவதைப் பார்த்துச் சிரித்தாள். கைகள் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

“அக்கா, இது நான் நடிக்கேல்லை. அப்பா செருமினவர். நான் பயந்திட்டன்.”

“தெரியும். அதுதான் உங்களைக் கேக்கிறன். வேண்டாமெண்டா எடுத்துவிடுறன்.”

திரும்பவும் ஒருமுறை போடச் சொன்னாள். பார்த்தாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

“விடுங்கோ அக்கா. கதையில வாற பெட்டையும் அந்த நேரம் பயந்துதானே இருப்பாள்.”

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. தொடக்கூடாது என்ற நிபந்தனை எனக்கில்லை, கட்டிப்பிடித்தேன்.

நாயகனுக்கும் போன் எடுத்துச் சொன்னேன். வசனம் மறந்து முழித்ததைப் போடப்போகிறோம் என்றதும் வெட்கப்பட்டான். அதுதான் படத்திலேயே உன்னுடைய சிறந்த நடிப்பு என்றேன். அதற்கு அவன், அப்படியென்றால் மற்றதெல்லாம் எப்படியக்கா இருந்தது என்று கேட்டான். பேச்சை மாற்றிவிட்டேன்.

மிச்சம் இருந்தது இயக்குனர். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். முடிந்ததும், வசனம் இல்லாவிட்டால் சனத்துக்கு என்ன விளங்கும் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையான கவலையோடு கேட்டார். திரும்பவும் போட்டேன். இரண்டாந்தரம் கைகள் நிற்கும்போது அவருடைய கட்டிய கைகள் அவிழ்ந்தன. எழும்பிப் போய் வெளியே படியில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் கழித்து உள்ளே வந்து, மூன்று பக்கத்திலிருந்து ஒரே ஒரு சொல்லாவது தனக்கு வேண்டும் என்றார்.

“எந்தச் சொல், அண்ணா?”

“‘மேடம்.’ அவன் எழும்பி அவளை மேடம் எண்டு கூப்பிடுறான். அது மட்டும்.”

நான் அசந்துபோனேன். அதுவரை அவள்தான் அவனைச் சேர் என்று கூப்பிட்டாள். அந்த ஒரு சொல்லோடு அலுவலகமே தலைகீழாகிறது. அவன் தோற்றது, அவளை மதிப்பது, இனித் தன் விருப்பத்தைச் சொல்லமுடியாமல் போனது எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அந்த மனுசன் மூன்று பக்கத்தை எழுதியிருக்காவிட்டால் அந்தச் சொல் எங்களுக்குக் கிடைத்திருக்காது. அவரிடம் அதைச் சொன்னேன். அன்றைக்குத்தான் அவர் சிரித்தார்.

ஒரு சொல் என்றால் வாய்க்குப் பொருத்தலாம். முகத்தைக் காட்டாமல், அவன் எழும்புகிற முதுகின் மேல் வைத்தால் பொருத்தவே தேவையில்லை. கட்டாருக்குச் செய்தி அனுப்பினேன். வாழ்த்தவேண்டும், ஆனால் வாழ்த்த முடியவில்லை, அதை அந்தச் சொல்லில் கொண்டுவரவேண்டும் என்று விளக்கினேன். அவன் தங்குமிடத்தின் படிக்கட்டில் நின்று பத்துமுறை பேசி அனுப்பினான். பத்தும் நாடகம். நான் பரவாயில்லை என்று பதில் போட்டேன். அவனுக்கு அந்தப் பரவாயில்லை விளங்கியிருக்கவேண்டும். அடுத்தநாள் பதினோராவது வந்தது. மெல்லிய குரல். ஒரு சின்ன மூச்சு, பிறகு அந்தச் சொல். கேட்டவுடன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி என் கணவரின் காதில் வைத்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

எப்படி வந்தது என்று நாயகனைக் கேட்டேன். வேலையிடத்தில் புதிதாக ஒரு மேற்பார்வையாளர் வந்திருக்கிறாராம். “இண்டைக்கு என்னைவிட வயசு குறைஞ்ச ஒருத்தரைச் சேர் எண்டு கூப்பிட்டனான், அக்கா. அதே மாதிரிச் சொல்லிப் பாத்தன்” என்றான்.

இணையத்தில் ஏற்றுவதற்கு முன் நாங்கள் எல்லோரும் ஒருமுறை ஒன்றாக இருந்து பார்க்க விரும்பினோம். முழுநிலா நாளான ஒரு போயா விடுமுறையின் பின்னேரம், இயக்குனர் வகுப்பு எடுக்கிற மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டினோம். யன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டும் வெளிச்சம் ஓட்டைகளால் வந்துகொண்டிருந்தது. வீட்டாட்கள், அயலாட்கள், வகுப்புப் பிள்ளைகள் என்று வாங்குகள் நிறைந்துவிட்டன. நாயகியின் அப்பா முன்வரிசையில், வழக்கம்போல ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் படத்தைப் பார்க்கவில்லை. பக்கத்துச் சுவரோடு நின்று ஆட்களின் முகத்தைப் பார்த்தேன். தொகுக்கிறவளுக்கு அதைவிடப் பெரிய காட்சி எது?

உறையைத் தடவுகிற விரல் வந்தபோது பின்வரிசையில் கதைத்துக்கொண்டிருந்த பெட்டைகள் அடங்கினார்கள். நாயகன் வாயைத் திறந்து மூடியபோது யாரோ ஒரு பெண், “சொல்லன்” என்று மெதுவாகச் சொன்னாள். கைகள் வந்தன. நின்றன. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினேன். மண்டபத்தில் கச்சான் காற்றின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஐந்தாவது விநாடியில் நாயகியின் அப்பா கதிரையின் விளிம்புக்கு வந்திருந்தார். இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்திருந்தார். ஏழாவது விநாடியில் காட்சி மாறியதும் மண்டபம் முழுவதும் ஒரே மூச்சாக விட்டது. அப்படி ஒரு சத்தத்தை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. அந்த மூச்சு அடங்குவதற்குள் நாயகன் எழும்பினான். “மேடம்.”

முன்வரிசையில் ஓர் அம்மா அழுதார். இயக்குனர் கதவடியில் நின்று சுவரைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்தார்.

விளக்குகளைப் போட்டதும் கைதட்டினார்கள், தேத்தண்ணி பரிமாறினோம், பிள்ளைகள் நாயகியைச் சுற்றிக்கொண்டார்கள். அவளுடைய அப்பா நேராக என்னிடம் வந்தார். அவரைக் கேட்காமல் விட்டோமே என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது.

“அது நான் செருமினதுக்கு நிண்டவை” என்றார்.

“ஓம், ஐயா.”

“எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எனக்கு நெஞ்சு அடிச்சுக்கொண்டு இருந்தது.” கோப்பையிலிருந்த தேத்தண்ணியைப் பார்த்தார். “பாரந்தூக்கியில சாமானைத் தூக்கி அந்தரத்தில வைச்சிருக்கேக்கைதான் கீழை நிக்கிற ஆக்களுக்குப் பயம். இறக்கி வைச்சிட்டா ஒண்டுமில்லை. அவை தொட்டிருந்தா நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டன், பிள்ளை.”

கோபமா, பாராட்டா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் கோப்பையை வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு நடுவே நின்ற மகளைக் கொஞ்சநேரம் பார்த்தார். அவளும் பார்த்தாள். பிறகு, தான் முன்னுக்குப் போய் மோட்டார் சைக்கிளை எடுப்பதாகவும், அவளை அவசரப்படாமல் ஆறுதலாக வரச்சொல்லும்படியும் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். ஒன்பது ஞாயிற்றுக்கிழமையும் அவளை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் போனவர் அவர்.

அன்று மாலை நான்காம் பகுதியை ஏற்றினோம். அதன் பிறகு இரண்டு நாள் எங்கள் போன் ஓயவில்லை. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கனடா என்று எங்கெங்கோ இருந்து எழுதினார்கள். அந்தக் கைகளைத் தனியாக வெட்டியெடுத்துப் பாட்டுப் போட்டு அனுப்பிக்கொண்டார்கள். ஏழு விநாடியை மூன்றாக்கிவிட்டார்களே என்று எனக்கு வயிறெரிந்தது. என் கணவர் சிரித்தார். நாயகன் தங்குமிடத்தில் அறையாட்கள் எட்டுப் பேரோடு ஒரே போனில் பார்த்தானாம். அடுத்தநாள் வேலைக்குப் போகும்போது அவர்கள் எல்லோரும் அவனை மேடம் என்று கூப்பிட்டார்களாம். நாயகியின் அலுவலகத்தில் அவளுடைய முகாமையாளர் அவளைக் கூப்பிட்டு, எங்கள் நிறுவனத்தைத்தானே சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டாராம். இல்லை என்று சொல்லிவிட்டு வந்து, மேசைக்குக் கீழே குனிந்து சிரித்ததாக எனக்குச் சொன்னாள்.

அவனுக்கும் அவளுக்கும் இடையில் உண்மையிலேயே ஏதாவது இருந்ததா என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் கேட்டதுமில்லை.

ஐந்தாம், ஆறாம் பகுதிகளும் போய்முடிந்த பிறகு கல்யாண வேலைகளுக்குத் திரும்பினோம். முதலில் வந்தது உப்புவெளிப் பக்கத்தில் நடந்த ஒரு கல்யாணம். பொம்பிளை மணவறைக்கு வருமுன் தன் தங்கையின் காதிலிருந்த தோட்டைச் சரிசெய்துவிடுகிறாள். தங்கை அழப்போகிறாள், அழவில்லை. பன்னிரண்டு விநாடி. பாட்டில்லாமல், மண்டபத்தின் சத்தத்தோடு மட்டும் அதை அப்படியே வைத்தேன். திரையில் பூ விழுவது, இதயம் பறப்பது எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மிகுந்த பெருமையோடு கொடுத்தனுப்பினேன்.

பொம்பிளையின் அம்மா போன் எடுத்தார். வீடியோ நல்லாய் இருக்கு, ஆனால் பூ விழுகிறது எங்கே, அக்காவின் மகளுடைய கல்யாணத்துக்கு விழுந்ததே என்று கேட்டார். தாலி கட்டுகிற இடத்தில் பூவை விழவிட்டேன், மாலை மாற்றுகிற இடத்திலும் விழவிட்டேன், கேக் வெட்டும்போது இரண்டு மடங்காக விழவிட்டேன். தோட்டை மட்டும் தொடவில்லை. மறுபடியும் அவர் போன் எடுத்தபோது, இப்போதுதான் சரியாக இருக்கிறது என்றார். பிறகு, வைக்கப் போனவர் நிறுத்தி, அந்தத் தோடு போடுகிற இடத்தைத் தனியாக வெட்டி அனுப்ப ஏலுமா, சின்னவள் கேட்கிறாள் என்றார்.

பன்னிரண்டு விநாடியையும் முழுதாக வெட்டி அனுப்பினேன்.